கல்லீரல் தழும்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது கல்லீரல் கோளாறு என்றால் எனக்குத்தான் போன் வரும். நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதிலும் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

கல்லீரல்ல தழும்புன்னா என்ன? வெளிக்காயத் தழும்பு மாதிரிதானா?

கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒரே இடத்தில் இல்லாமல் உறுப்பு முழுக்க நடக்கும். குடி, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், கொழுப்புக் கல்லீரல், பித்தநாள நோய் என்று எது வருடக்கணக்கில் கல்லீரல் செல்லைப் புண்ணாக்கினாலும் கடைசியில் ஒரே வழியில் போய்ச் சேரும். கல்லீரல் செல்களுக்கும் ரத்தம் ஓடும் நுண்குழாய்களுக்கும் நடுவே ஸ்டெல்லேட் செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 1876இல் கார்ல் வான் கூப்ஃபர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இவற்றைக் கண்டு சொன்னார். உடம்பு நன்றாக இருக்கும்போது வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும். காயம் நிற்காமல் தொடர்ந்தால், டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் பட்டதும் சேமித்ததை இழந்து, உருமாறி, கொலாஜன் நாரைக் கொட்ட ஆரம்பிக்கும். அந்த நார்தான் தழும்பு.

நார் மண்டினால் குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைக் கடந்து போக முடியாமல் தேங்கும். வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாய் நரம்பு புடைத்து ரத்த வாந்தி வருவதும் பெரும்பாலும் இந்த அழுத்தத்தால்தான்.

ஃபைப்ரோசிஸ், சிரோசிஸ் ரெண்டும் ஒண்ணா? ரிப்போர்ட்ல எஃப்3ன்னு போட்டிருக்கு.

ஃபைப்ரோசிஸ் என்றால் தழும்பு, சிரோசிஸ் அதன் கடைசிக் கட்டம்; ஒரே பாதையின் வேறு வேறு இடங்கள். எஃப்0 என்றால் தழும்பு இல்லை, எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரலின் கட்டமைப்பே குலைந்து முடிச்சு முடிச்சாக ஆகிவிட்டது. எஃப்3 அதற்கு முந்தைய படி. சிரோசிஸிலும் இரண்டு நிலை உண்டு: சமாளித்துக்கொண்டிருக்கும் நிலை ஒன்று; நீர் கோத்து, மஞ்சள் ஏறி, ரத்த வாந்தி வந்து, மனக்குழப்பமும் வரும் நிலை இன்னொன்று. ஸ்டெம் செல் (தானும் பெருகி, வேறு வகை செல்லாகவும் மாறக்கூடிய செல்) பற்றிய செய்தி எதைப் படித்தாலும் எந்த நிலையில் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஒருதடவை தழும்பு வந்தா போகவே போகாதுன்னு சொல்றாங்களே?

பழைய பாடம் அது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி-க்கு டெனோஃபோவிர் மாத்திரை 5 வருடம் சாப்பிட்டவர்களின் கல்லீரலில் மறுபடியும் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது சிரோசிஸ் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஸ்டெம் செல் எதுவும் இல்லை, வைரஸை அடக்கியதுதான் சிகிச்சை. அதேபோல 2015இல் வந்த கியூபா ஆய்வொன்றில், கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களில் உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு பின்வாங்கியது.

கல்லீரல் தானே நாரைக் கரைக்கத் தெரிந்த உறுப்பு. காயம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரொம்பப் பழைய தழும்பு மட்டும் அடம் பிடிக்கும். நார்கள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து கெட்டியாகிவிடுவதால் கரைக்கும் நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது.

ஸ்டெம் செல் போட்டா புதுக் கல்லீரல் வளருமா?

வளராது. விளம்பரங்களில் இந்தப் படம்தான் வரும்: ஊசி வழியாகப் பளபளவென்று செல்கள் போய் உட்கார்ந்து கல்லீரலாக மாறுவது மாதிரி. இன்று கல்லீரல் தழும்புக்குக் கொடுத்துப் பார்க்கப்படும் செல்களில் பெரும்பாலானவை மீசென்கைமல் வகை, சுருக்கமாக எம்.எஸ்.சி. எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி, கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து எடுப்பார்கள். இவை கல்லீரல் செல்லாக மாறும் என்று 20 வருடத்துக்கு முன்னால் நிஜமாகவே நம்பினார்கள். பிறகு பார்த்தால், கல்லீரலில் ஒட்டி வாழ்பவை மிகச் சொற்பம், அதில் கல்லீரல் வேலை செய்பவை அதைவிடச் சொற்பம்.

நிஜமாகவே கல்லீரல் செல்லை உருவாக்கும் முயற்சி வேறொரு பக்கம் நடக்கிறது. 2013இல் யோகோஹாமாவில் தகெபெ என்ற ஆய்வாளரின் குழு, தூண்டப்பட்ட ஸ்டெம் செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கியவை) கல்லீரல் மொட்டுகளை வளர்த்து எலிக்குள் வைத்துக் காட்டியது. பிரமாதமான வேலை. ஆனால் நார் மண்டிய ஒரு கல்லீரலுக்குள் அதைக் கொண்டுபோய் வேலை செய்ய வைப்பது வேறு சிக்கல்.

அப்ப அந்த செல் உள்ள போய் என்னதான் செய்யுது?

பேசுகிறது. அதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, ஆனால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. எம்.எஸ்.சி. சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கும், ஸ்டெல்லேட் செல்களை அடக்கும், மிச்சமிருக்கும் கல்லீரல் செல்கள் சாகாமல் தாங்கிப் பிடிக்கும். முக்கியமாக, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களின் மனநிலையை மாற்றும். மேக்ரோஃபேஜ் கோபத்தில் இருந்தால் தழும்பைத் தூண்டும், தணிந்த நிலைக்கு மாறினால் அதுவே நார் வெட்டும் நொதிகளைச் சுரந்து தழும்பைக் கரைக்கும்.

ஸ்டெம் செல் சிகிச்சையை எப்படி மேம்படுத்துவது என்ற ஆராய்ச்சி எல்லாம் இந்தப் புள்ளியில் இருந்துதான் கிளம்புகிறது. செல் கல்லீரலாக மாறாது, தகவல் மட்டும் சொல்லும் என்று ஆன பிறகு கேள்விகள் இப்படி மாறிவிட்டன: அந்தத் தகவலை எப்படி உரக்கச் சொல்ல வைப்பது, சரியான இடத்தில் எப்படிச் சொல்ல வைப்பது, சொல்வதற்கு செல் வேண்டுமா, அல்லது அது சுரப்பதே போதுமா.

எலிக்கெல்லாம் சரியாகிடுச்சாமே, மனுஷனுக்கு மட்டும் ஏன் இழுக்குது?

எலிக்கு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சைச் சில வாரங்கள் ஊசி போட்டுத் தழும்பை வரவழைப்பார்கள். ஊசியை நிறுத்தினால் அந்தத் தழும்பு தானாகவே சில வாரங்களில் கரைய ஆரம்பித்துவிடும். தானாகச் சரியாகப் போகிற ஒன்றை வேகமாகச் சரியாக்குவது பெரிய விஷயமில்லை. மனிதருக்கு வரும் தழும்பு 15, 20 வருடம் ஊறியது, மேலே சொன்ன மாதிரி குறுக்கே பிணைந்து கெட்டியானது.

இன்னொன்று அளவு, இதை யாரும் கவனிப்பதில்லை. 25 கிராம் எலிக்கு 10 லட்சம் செல் என்பது ஆய்வுகளில் சாதாரணமாகக் காணப்படும் கணக்கு. கிலோவுக்கு 4 கோடி. அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்குப் போட்டால் 240 கோடி செல். மனித ஆய்வு ஒன்றில் ஒரு தடவைக்குக் கொடுத்தது 5 கோடி. எலிக்குக் கிடைத்த பலன் அப்படியே வரும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

சரி, மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்ததுல இதுவரைக்கும் என்ன தெரிஞ்சிருக்கு?

கலவையான முடிவுகள். தொடக்கம் ஜப்பானில். யமகுச்சி பல்கலைக்கழகக் குழு 2004இல் எலியில் மஜ்ஜை செல்கள் தழும்பைக் குறைப்பதைக் காட்டியது. 2006இல் தெராய் தலைமையில் 9 நோயாளிகளுக்கு, மயக்க மருந்து கொடுத்து அவரவர் மஜ்ஜையையே 400 மில்லி அளவுக்கு உறிஞ்சி எடுத்து, கழுவி, கை நரம்பு வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். கல்லீரல் செயல்பாட்டு அளவுகள் கொஞ்சம் ஏறின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அப்புறம் 2013இல் ஈரானில் 27 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வளர்த்த எம்.எஸ்.சி., இன்னொரு பக்கத்துக்கு வெறும் போலி ஊசி கொடுத்தார்கள். வித்தியாசம் எதுவும் இல்லை.

2016இல் தென் கொரியாவிலிருந்து வந்ததுதான் தழும்பை நேரடியாக அளந்த நல்ல ஆய்வு. குடியால் சிரோசிஸ் வந்து, 6 மாதத்துக்கு மேல் குடிக்காமல் இருந்த 72 பேர். சொந்த மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்லைக் கல்லீரல் தமனிக்குள் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை செலுத்தினார்கள். பயாப்ஸியில் (ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) கொலாஜன் பரப்பு ஒரு தடவை பெற்றவர்களுக்கு 25 சதவீதம், இரண்டு தடவை பெற்றவர்களுக்கு 37 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு அது.

2018இல் பிரிட்டனில் 81 பேரை வைத்து வேறு வகை செல்லைச் சோதித்தார்கள். மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டு, சி.டி.133 என்ற அடையாளம் உள்ள செல்களைப் பிரித்து எடுத்து மறுபடி ஏற்றினார்கள். கல்லீரல் செயல்பாடும் தேறவில்லை, தழும்பும் குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் அதிகம். 2021இல் சீனாவிலிருந்து, ஹெபடைட்டிஸ் பி-யால் முற்றிய சிரோசிஸ் வந்த 219 பேரின் நீண்டகாலக் கணக்கு வெளியானது. தொப்புள்கொடி செல் பெற்றவர்கள் 13ஆம் மாதத்திலிருந்து 75ஆம் மாதம் வரையான காலத்தில், பெறாதவர்களைவிட அதிக விகிதத்தில் உயிரோடு இருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என் கணிப்பு: ஏதோ பலன் இருக்கிறது, சிறியது, செல் வகையையும் கொடுக்கும் வழியையும் பொறுத்து ஊசலாடுகிறது.

கை நரம்புல ஏத்தினா கல்லீரலுக்குப் போய்ச் சேருமா?

பெரும்பாலானவை சேராது. வளர்த்த எம்.எஸ்.சி. ஒவ்வொன்றும் 15 முதல் 30 மைக்ரான் பருமன், நுரையீரலின் நுண்குழாய் 10 மைக்ரானுக்கும் குறைவு. கை நரம்பில் ஏற்றிய எதுவும் முதலில் நுரையீரலைத்தான் கடக்க வேண்டும், அங்கேயே சிக்கி ஓரிரு நாளில் செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், செத்தும் கொஞ்சம் வேலை செய்கிறது. செத்த செல்லை விழுங்கும் மோனோசைட்டுகள் (மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய ரத்த வெள்ளணுக்கள்) தணிந்த குணத்துக்கு மாறி, ரத்தத்தோடு மற்ற இடங்களுக்குப் போவது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது.

தொடைப் பகுதியிலிருந்து மெல்லிய குழாய் விட்டுக் கல்லீரல் தமனிக்குள் செலுத்துவது நேர்வழி, கொரியாவில் செய்தது அதுதான். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நரம்பு வழியாகவும் செய்கிறார்கள், ஆனால் சிரோசிஸ் உள்ளவருக்கு அந்த நரம்பில் ஏற்கெனவே அழுத்தம் அதிகம், பிளேட்லெட் குறைவு, ரத்தக் கசிவோ ரத்த உறைவோ எதுவும் வரலாம்.

நம்ம சொந்த செல் நல்லதா, தொப்புள்கொடி செல்லா?

சொந்த செல்லில் ஒவ்வாமைப் பயம் குறைவு. ஆனால் 58 வயதில், சர்க்கரையும் சிரோசிஸும் உள்ளவரின் மஜ்ஜை செல்லும் அந்த நோயோடுதான் வாழ்ந்திருக்கிறது. பெருகுவது மெதுவாக இருக்கும், சுரப்பும் குறைவு. போதுமான எண்ணிக்கைக்கு வளர்க்கவே ஒரு மாதம் பிடிக்கும். முற்றிய நோயாளிக்கு ஒரு மாதம் பெரிய காலம். தொப்புள்கொடியின் ஜெல்லியிலிருந்து வரும் செல் இளசு, வேகமாகப் பெருகும், முன்கூட்டியே வளர்த்து உறைய வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்.சி.யை உடம்பு அவ்வளவு சீக்கிரம் அந்நியமாக எதிர்ப்பதில்லை என்பதால் அடுத்தவர் செல்லையும் கொடுக்க முடிகிறது. போக்கு தொப்புள்கொடிப் பக்கம் சாய்கிறது என்பதே என் பார்வை.

பாப்பாவோட தொப்புள்கொடி ரத்தத்தை பேங்க்ல வெச்சிருக்கோம், தாத்தாவுக்குப் போடலாமா?

அது ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல், ரத்தப் புற்றுநோய் மாதிரி நோய்களுக்கானது. மேலே சொன்ன செல் கொடியின் திசுவிலிருந்து வருவது. வேறு வேறு. குழந்தைக்கே பிற்காலத்தில் பயன்படும் என்று சொல்லித் தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லிவிட்டது.

செல்லை "பலப்படுத்திக்" குடுக்குறாங்களாமே, அப்படின்னா?

இதுதான் ஆராய்ச்சி சூடாக இருக்கும் இடம். ஆய்வகக் குடுவையில் செல் சொகுசாக வளர்கிறது: 37 டிகிரி, ஊட்டச்சத்துத் திரவம், காற்றில் உள்ள 21 சதவீத ஆக்ஸிஜன். அங்கிருந்து நேராக அழற்சி பொங்கும் கல்லீரலுக்குள் தள்ளினால் தாங்காது. அதனால் முன்கூட்டியே பழக்குகிறார்கள். ஆக்ஸிஜனை 1 முதல் 5 சதவீதமாகக் குறைத்து வளர்ப்பது ஒரு வழி, மஜ்ஜைக்குள் நிஜமாகவே அந்த அளவுதான் இருக்கும். இன்டர்ஃபெரான்-காமா போன்ற அழற்சிச் சமிக்ஞையைக் கொஞ்சம் காட்டி, அழற்சியைத் தணிக்கும் சுரப்பை ஏற்றிவிடுவது இன்னொரு வழி. தட்டையாக வளர்க்காமல் சிறு உருண்டைகளாகத் திரட்டி வளர்ப்பதும், கல்லீரல் வளர்ச்சிக் காரணியையோ கொலாஜன் வெட்டும் நொதியையோ கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு சேர்ப்பதும் உண்டு. எலியில் எல்லாமே சாதா செல்லைவிட நன்றாக வேலை செய்கின்றன. எலி பற்றி மேலே சொன்னதை இங்கேயும் நினைவில் வையுங்கள்.

வெளியே யாரும் பேசாத, ஆனால் எங்களுக்குத் தினமும் கண்ணில் படும் பிரச்சினை உறையவைப்பு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் குப்பியை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் ஆட்டி, கடைசித் துளி ஐஸ் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுப்போம். செத்த செல்லில் மட்டும் ஏறும் நீலச்சாயம் போட்டு எண்ணினால் 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருப்பதாகக் காட்டும். அதே செல்லைக் குடுவையில் ஊற்றி மறுநாள் காலை நுண்நோக்கியில் பாருங்கள், அடியில் ஒட்டாமல் உருண்டையாக மிதப்பவை கணிசமாக இருக்கும். சாயக் கணக்கில் தேறியது வேலைக்குத் தேறவில்லை. உறைநிலையிலிருந்து எடுத்தவுடன் நோயாளிக்கு ஏற்றுவதா, ஒரு நாள் வளர்த்துத் தேற்றிக் கொடுப்பதா என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும்; முடிவுகள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி வருவதற்கு இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எக்ஸோசோம் ஊசி போடுறாங்களே, அதுதான் லேட்டஸ்ட்டா?

யோசனை நல்ல யோசனை. செல்லின் வேலை சமிக்ஞை அனுப்புவது என்றால், செல் வெளியே விடும், சமிக்ஞை அடங்கிய நுண்பைகளை, அதாவது எக்ஸோசோம்களை மட்டும் கொடுத்தால் போதாதா? எக்ஸோசோம் 30 முதல் 150 நானோமீட்டர்தான், நுரையீரலில் சிக்காது, பெருகாது, கல்லீரலில் நிறையவே போய்ச் சேரும். 2013லேயே தொப்புள்கொடி செல்லின் எக்ஸோசோம் எலியின் கல்லீரல் தழும்பைக் குறைத்ததாக ஆய்வு வந்தது. ஜப்பானில் நீகாதா குழு, இன்டர்ஃபெரான்-காமாவில் பழக்கிய செல்லின் நுண்பைகளைச் சோதித்து, மேக்ரோஃபேஜ்கள் தணிந்த குணத்துக்கு மாறுவதை எலியில் காட்டியது.

ஆனால் ஆய்வகத்தில் இருப்பது வேறு, கிளினிக்கில் விற்பது வேறு. ஒரு புட்டியில் எத்தனை நுண்பை இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தயாரிப்பதே இன்னும் பெரும்பாடு. அமெரிக்காவில் 2019இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லிக் கொடுத்த ஊசியால் சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்து, அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவுமே கிடையாது என்று அரசு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

மேக்ரோஃபேஜையே நேரா குடுத்தா என்ன?

இதை நான் எதிர்பார்க்கும் கேள்விப் பட்டியலில் வைத்திருக்கவில்லை, ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டாள். அதையேதான் எடின்பரோவில் செய்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகளைப் பிரித்து, ஒரு வாரம் வளர்த்து மேக்ரோஃபேஜ் ஆக்கி, கை நரம்பில் ஏற்றுகிறார்கள். 2019இல் 9 பேருக்கு, 100 கோடி செல் வரை கொடுத்தும் பெரிய பாதிப்பு இல்லை. அடுத்து 51 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. முதன்மை அளவுகோலான மெல்டு மதிப்பெண்ணில் (கல்லீரல் எவ்வளவு மோசம் என்று ரத்தப் பரிசோதனையை வைத்துப் போடும் கணக்கு) 90ஆம் நாளில் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு வருடக் கணக்கில், செல் பெற்றவர்களில் யாருக்கும் கல்லீரல் சார்ந்த கடும் சிக்கல் வரவில்லை, பெறாத பக்கத்தில் சிலருக்கு வந்தது, மரணமும் நேர்ந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் ஆவலைத் தூண்டுகிறது. நீகாதா குழு எம்.எஸ்.சி.யையும் மேக்ரோஃபேஜையும் சேர்த்துக் கொடுத்து எலியில் பார்த்திருக்கிறது: ஒன்று வேலை ஏவும், இன்னொன்று வேலை செய்யும்.

பக்கவிளைவு இருக்கா? கேன்சர் வருமா?

முறையான ஆய்வுகளில் எம்.எஸ்.சி. பெற்றவர்களுக்கு அதிகம் வருவது தற்காலிகக் காய்ச்சல். எம்.எஸ்.சி. ரத்தத்தை உறைய வைக்கும் குணம் கொண்டது என்பதால் உறைவு ஒரு நிஜமான அபாயம். சுத்தமில்லாமல் வளர்த்த செல்லால் கிருமித்தொற்றும் வரலாம், முற்றிய சிரோசிஸ் உள்ளவருக்குத் தொற்று உயிருக்கே உலை வைக்கும்.

புற்றுநோயைப் பொறுத்தவரை, மனித ஆய்வுகளில் எம்.எஸ்.சி.யால் கட்டி வந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் சிரோசிஸ் உள்ள கல்லீரலில் புற்றுநோய் தானாகவே வரும் வாய்ப்பு அதிகம். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதை நிறுத்தக் கூடாது.

போட்ட பிறகு அப்பாவுக்கு ஆல்புமின் ஏறிச்சு, ஃபைப்ரோஸ்கேன்ல நம்பர் குறைஞ்சுது. இது ஆதாரம் இல்லையா?

ஏறியது நிஜம்தான். எதனால் ஏறியது என்பதுதான் கேள்வி. ஆல்புமின் என்பது கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதம். பல இடங்களில் செல்லோடு ஆல்புமினும் ஏற்றுகிறார்கள். ஆல்புமினை வெளியிலிருந்து கொடுத்துவிட்டு ரத்தத்தில் ஆல்புமின் ஏறியது என்று காட்டுவதில் என்ன அதிசயம்? சிரோசிஸின் தீவிரத்தைச் சொல்லும் சைல்டு-பியூ மதிப்பெண்ணிலும் ஆல்புமின் ஒரு கணக்கு, அதனால் அதுவும் தேறியதாகத் தெரியும். ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பை அளக்கிறது, விறைப்பு தழும்பால் மட்டும் வருவதில்லை. அழற்சி இருந்தால் ஏறும், சாப்பிட்ட உடனே எடுத்தால் ஏறும். குடியை நிறுத்திய சில வாரங்களில் தழும்பு ஒரு நூல்கூடக் குறையாமல் எண் மட்டும் இறங்கும்.

பயாப்ஸிகூட முழு உண்மை இல்லை. ஊசியில் வருவது கல்லீரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாத கதைகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஊசிக்காகப் போகிறவர் அதே வாரத்தில் குடியை விட்டிருப்பார், உப்பைக் குறைத்திருப்பார், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பார்.

கீழாநெல்லியே போதும், எதுக்கு ஸ்டெம் செல்லுன்னு பெரியப்பா சொல்றார்.

பெரியப்பா சொல்வதற்குப் பின்னால் ஒரு நிஜமான கதை இருக்கிறது. 1988இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக லான்செட் இதழில் எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. அதுவும் வைரஸ் பற்றியது, தழும்பு பற்றியது அல்ல. ஸ்டெம் செல்லுக்கும் இதே அளவுகோல்தான்: இன்னொரு ஊரில், இன்னொருவர் கையில் அதே முடிவு வர வேண்டும். அப்புறம், மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்ற நினைப்பும் வேண்டாம். சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள்.

தழும்புக்கு மாத்திரையே வந்திருச்சாமே?

ஒரு வகைக்கு வந்திருக்கிறது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியால் எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு ரெஸ்மெடிரோம் மாத்திரை 2024 மார்ச்சிலும், செமாக்ளூடைடு ஊசி 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது. செல் சிகிச்சைக்கு இடம் இருந்தால் அது அங்கேதான்.

இந்தியாவுல இதுக்கு அனுமதி இருக்கா? நாலு லட்சம் கேக்குறாங்க.

கல்லீரல் தழும்புக்கு அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்து இந்தியாவில் இல்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்த பொருள் எப்போதுமே "புதிய மருந்து"தான், மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். பெங்களூரு நிறுவனமொன்றின் ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் மருந்து, கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் அப்படி அனுமதி வாங்கியிருக்கிறது. அதைக் காட்டி, "எங்களுக்கும் அனுமதி இருக்கிறது" என்று கல்லீரலுக்கு விற்றால் ஏமாறாதீர்கள்.

ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் உள்ள செல்லுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது 2017 தேசிய வழிகாட்டுதல். ஆகவே நாலு லட்சம் என்றாலே அது ஆய்வு இல்லை. "ஆய்வும் இல்லை, அனுமதியும் இல்லை, அப்ப இது என்ன?" என்று அவர்களிடமே கேளுங்கள். எந்தத் திசு, எத்தனை செல், எத்தனை சதவீதம் உயிருடன், கிருமிச் சோதனை முடிவு எங்கே என்றும் எழுத்தில் கேளுங்கள். நல்ல ஆய்வகம் இதையெல்லாம் கேட்பதற்கு முன்பே தாளில் வைத்திருக்கும்.

டாக்டரே வேற வழி இல்லன்னுட்டாரு. அப்ப போட்டுப் பாத்தா என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குக் கோபப்பட எனக்கு மனசு வராது. ஆனால் "வேறு வழி இல்லை" என்று எந்த டாக்டர் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்பேன். மாற்று அறுவை சிகிச்சை செய்யும் மையத்தில் காட்டினீர்களா? சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறது, இறந்தவர் தரும் உறுப்புக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவு தள்ளிப்போனால் உடம்பு அறுவையைத் தாங்கும் கட்டத்தைக் கடந்துவிடும். ஸ்டெம் செல் கிளினிக்கில் மூன்று மாதம் போனவர்கள் இழந்தது பணத்தைவிட அந்த மூன்று மாதத்தைத்தான்.

உணவுக்குழாய் நரம்புக்கு எண்டோஸ்கோபி பார்த்துக் கட்டுப் போட்டாயிற்றா, வயிற்று நீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தாயிற்றா, ஹெபடைட்டிஸ் பி-க்கு மாத்திரை ஓடுகிறதா, குடி நின்றதா? இவை எல்லாம் முடிந்து, மாற்று அறுவைக்கும் இடமில்லை என்று மையமே எழுதிக் கொடுத்த பிறகு, பதிவு எண் உள்ள, காசு வாங்காத ஆய்வு ஒன்று கிடைத்தால் சேரலாம், நானே தேடித் தருகிறேன். சேர்வதற்கு முன் மாற்று மையத்து டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில ஆய்வுகளில் சேர்ந்தால் காத்திருப்போர் பட்டியலில் இருக்க முடியாது, சிலவற்றில் பிரச்சினை இல்லை. கையெழுத்துப் போடும் தாளிலேயே அது எழுதியிருக்கும்.